கடல் ஓவியத்துல ஆளுங்க எங்கன்னு தேடிப் பாக்குறது எப்படி

அட்லாண்டிக் கடலையும் கறுப்பின மக்களோட வரலாறையும் சேத்து வச்சு ஓவியம், சிற்பம், வீடியோ, இன்ஸ்டலேஷன்னு ஏகப்பட்ட பேர் பண்ணிருக்காங்க, இன்ஸ்டாவுல ஸ்க்ரோல் பண்றப்போ ஒண்ணு வந்து நிக்கும், நீலமா அழகா இருக்கும், லைக் போட்டுட்டுப் போயிடுவோம். அதுக்கு மேல அத எப்படிப் பாக்குறதுன்னு கேக்குறவங்களுக்குத்தான் இது. ஆர்ட் ஹிஸ்டரி படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல, ஒரு போனு, நெட்டு, கொஞ்சம் பொறுமை, ஒரு நோட்டு இருந்தா போதும். லண்டனுக்கோ பாஸ்டனுக்கோ போற வாய்ப்பு கிடைச்சா இன்னும் நல்லது.

நான் சொல்ற வழி கொஞ்சம் தலைகீழா இருக்கும். படத்த முதல்ல பாக்காதீங்க, அது எந்தக் காகிதத்துக்குப் பதில் சொல்லுதோ அந்தக் காகிதத்த முதல்ல பாருங்க. ஏன்னா ஆப்பிரிக்கர்கள அடிமைகளா அட்லாண்டிக் தாண்டிக் கொண்டு போய் வித்த வியாபாரத்துல கப்பல்ல ஏத்தப்பட்டவங்கள பத்தி மிச்சம் இருக்குறதுல முக்கால்வாசி கப்பல்காரங்க எழுதி வச்ச கணக்குதான், எத்தனை பேர ஏத்தினோம், எத்தனை பேர இறக்கினோம், தலைக்கு எவ்வளவு, இன்ஷூரன்ஸ் எவ்வளவு. முகம் கிடையாது, பெரும்பாலும் பேரும் கிடையாது. பின்னாடி வந்த கலைஞர்கள் ஒவ்வொருத்தரும் அந்தக் கணக்கு நோட்டோடதான் மல்லுக்கட்டுறாங்க. அது தெரியாம பாத்தா அலையும் வானமும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

கணக்க எடுத்து வச்சுக்குங்க

ஸ்லேவ் வாயேஜஸ்னு ஒரு வெப்சைட் இருக்கு, ஃப்ரீ, லாகின் எல்லாம் வேணாம். அட்லாண்டிக் அடிமைக் கப்பல் பயணங்கள் 36 ஆயிரம் வரைக்கும் அதுல பதிவாகியிருக்கு. மொத்தமா ஆப்பிரிக்கக் கரையில ஏத்தப்பட்டவங்க சுமார் 1 கோடியே 25 லட்சம், உயிரோட இறங்கினவங்க சுமார் 1 கோடியே 7 லட்சம்னு அதுல மதிப்பீடு போட்டிருக்காங்க. கழிச்சுப் பாருங்க, அந்த மிச்சம் 18 லட்சம் பேரு எங்க போனாங்க, கடல்லதான். இனிமே நான் சொல்லப்போற படம் எல்லாமே அந்த 18 லட்சத்தச் சுத்தித்தான் வருது, அதனால அந்த நம்பர நோட்டுல மேலயே எழுதி வச்சுக்குங்க.

கப்பல் பேர் போட்டுத் தேடுற வசதி இருக்கு. சோங்னு ஒரு கப்பல், ப்ரூக்ஸ்னு ஒரு கப்பல், இந்த ரெண்ட மட்டும் தேடிப் பாருங்க இப்போதைக்கு. இன்னொண்ணு, அதே சைட்ல இன்னொரு பகுதியில பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல்கள் மாதிரி ஆளுங்க வழியில மறிச்சு விடுவிச்ச மக்களோட பேரு, வயசு எல்லாம் இருக்கு, 90 ஆயிரத்துக்கும் மேல. அதையும் ஒரு பத்து நிமிஷம் சும்மா ஓட்டிப் பாருங்க, வெறும் நம்பரா பாத்துட்டு இருந்தது திடீர்னு பேரா மாறுறப்போ ஒரு மாதிரி இருக்கும், அந்த மாற்றத்தத்தான் பல கலைஞர்கள் பெயிண்ட்ல பண்ண முயற்சி பண்றாங்க.

சோங் கேஸு, அப்புறம் டர்னர்

1781ல சோங் கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவுல அக்ராவுல இருந்து ஜமைக்காவுக்குக் கிளம்புது, 442 பேர ஏத்திக்கிட்டு. அந்த சைஸ் கப்பலுக்கு அது ரெண்டு மடங்குக்கும் மேல. லிவர்பூல் வியாபாரிங்களோட கப்பல். வழி தப்பிப் போய், ஜமைக்காவையே வேற தீவுன்னு நெனச்சுத் தாண்டிப் போயிட்டாங்க. தண்ணி பத்தாதுன்னு சொல்லி நவம்பர் கடைசியில ஆரம்பிச்சு சில நாள்ல சுமார் 130 பேர உயிரோட கடல்ல தள்ளினாங்க. நடுவுல நல்ல மழை பேஞ்சதும், ஜமைக்கா போய்ச் சேர்ந்தப்போ கப்பல்ல தண்ணி மிச்சம் இருந்ததும் பின்னாடி வெளிய வந்துச்சு. ஊருக்குத் திரும்பி ஓனருங்க என்ன பண்ணாங்கன்னா, சரக்கு நஷ்டம்னு தலைக்கு 30 பவுண்டு இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போட்டாங்க! 1783ல ஜூரி ஓனருங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, அப்புறம் நீதிபதி லார்ட் மான்ஸ்ஃபீல்டு முன்னாடி அப்பீல் போய் மறு விசாரணைக்கு உத்தரவு ஆச்சு. அடிமையா இருந்து விடுதலை வாங்கின ஒலௌதா எக்குவியானோ இந்த விஷயத்த அடிமை முறைய எதிர்த்த கிரான்வில் ஷார்ப் காதுக்குக் கொண்டு போனாரு, ஷார்ப் கொலைக் கேஸ் போட வைக்கப் பாத்தாரு, நடக்கல. கடைசி வரைக்கும் யாரும் கொலைக்காகக் கோர்ட் ஏறல. இந்தச் சம்பவத்துல நீதின்னு நடந்தது அவ்வளவுதான், இன்ஷூரன்ஸ் பணம் யார் தரணும்ங்கிற வழக்கு.

இப்ப இங்கிலாந்து ஓவியர் டர்னர் படத்துக்கு வாங்க. 1840ல லண்டன் ராயல் அகாடமியில காட்டினது, செத்தவங்களையும் சாகக் கெடக்குறவங்களையும் அடிமை வியாபாரிகள் கடல்ல வீசுறாங்க, சூறாவளி வருது, இப்படி நீளமா ஒரு தலைப்பு. இப்ப பாஸ்டன் ஃபைன் ஆர்ட்ஸ் மியூசியத்துல இருக்கு, அவங்க சைட்ல படத்தப் பெருசாக்கிப் பாக்கலாம். சோங்தான் இதுன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா டர்னர் அப்படி எழுதி வைக்கல, அதனால நீங்க கேப்ஷன் போடுறப்போ கொஞ்சம் பாத்துப் போடுங்க.

பாக்குற விதம்: முதல்ல மொத்தப் படத்தையும் பத்து செகண்டு பாருங்க. கண்ணு நேரா நடுவுல இருக்குற சூரியனுக்குப் போகும், அந்த மஞ்சள் சிவப்பு பட்டைக்கு, அது டர்னர் போட்ட தூண்டில், மாட்டிக்குங்க பரவால்ல. அப்புறம் ஜூம் பண்ணி வலது கீழ் மூலைக்குப் போங்க. அங்க ஒரு கால் மட்டும் தண்ணிக்கு மேல நீட்டிட்டு இருக்கும், கால்ல விலங்கு, சுத்தி மீனுங்க மொய்க்கும். அப்படியே இடது பக்கம் நகத்துங்க, அலைக்கு நடுவுல கைகள், சங்கிலிகள். இரும்புச் சங்கிலி மிதக்காதுன்னு நமக்குத் தெரியும், டர்னருக்கும் தெரியும், அவர் மிதக்க விட்டுட்டாரு. கப்பல் தூரத்துல போயிட்டே இருக்கு. இப்ப திரும்ப ஜூம் அவுட் பண்ணுங்க, இந்தத் தடவ சூரியன் அழகா தெரியாது, தெரியக் கூடாது.

இந்தப் படத்த ஒரு காலத்துல வச்சிருந்தவரு ஜான் ரஸ்கின், அந்தக் காலத்துப் பெரிய விமர்சகர். அவர் இதுல இருக்குற தண்ணிய பத்தி உருகி உருகி எழுதிட்டு, ஆளுங்கள தள்ளுற விஷயத்த ஒரு அடிக்குறிப்புல போட்டாரு. பின்னாடி வித்துட்டாரு. டர்னரே 1805ல ஜமைக்காவுல அடிமைகள வச்சு நடத்தின ஒரு மாட்டுப் பண்ணையில 100 பவுண்டு போட்டவரு. இதெல்லாம் தெரிஞ்சா படம் கெட்டுப் போயிடுமான்னா இல்ல, ஆனா இந்த சப்ஜெக்ட்டுன்னாலே எல்லாரும் டர்னர்லயே ஆரம்பிச்சு டர்னர்லயே முடிக்கிறதுதான் எனக்குக் கடுப்பு. நூறு வருஷத்துக்கும் மேல கறுப்பு உடம்ப கடலுக்குள்ள பாதி முழுகின மாதிரியே பாத்துப் பழகிட்டோம், அதத் தாண்டிப் போகணும்.

டர்னர் படத்தையே எடுத்து வேற வேல பண்ணினவங்க சோண்ட்ரா பெர்ரி, அமெரிக்கக் கலைஞர், 2018ல லண்டன் செர்பன்டைன் கேலரியில. அனிமேஷன் ஆளுங்களுக்கு இது பிடிக்கும், ஏன்னா அவங்க பயன்படுத்தினது நம்ம எல்லாரும் ஃப்ரீயா டவுன்லோட் பண்ற பிளெண்டர் சாஃப்ட்வேர்தான். டர்னர் வரைஞ்ச தண்ணிய மட்டும் எடுத்து, கடல் அலை உருவாக்குற டூல்ல போட்டு, சுவர் முழுக்க ஓட விட்டுட்டாங்க, அது அப்பப்போ ஒரே ஊதாவா மாறும். கப்பல் கிடையாது, கால் கிடையாது, கை கிடையாது. முன்னாடி நாம ஜூம் பண்ணித் தேடினது எதுவுமே இல்லாம வெறும் தண்ணி மட்டும் நம்ம மேல வந்து மோதுறப்போ, அந்த இன்ஷூரன்ஸ் பேப்பர் எப்படி யோசிச்சுச்சுன்னு புரியும். அதனால டர்னருக்கு அப்புறம் உடனே இதப் பாருங்க, தனியா பாத்தா ஸ்க்ரீன்சேவர் மாதிரி தோணிடும்.

ப்ரூக்ஸ் வரைபடம், அதுக்கு வந்த பதில்கள்

ப்ரூக்ஸ்ங்கிறது லிவர்பூல் கப்பல். 1788 கடைசியில பிளிமத் ஊர்ல அடிமை வியாபாரத்த எதிர்த்தவங்க அதோட தளத்த வரைஞ்சு, அதுல ஆளுங்கள எப்படி அடுக்குவாங்கன்னு காட்டி நோட்டீஸா அடிச்சாங்க, 1789ல லண்டன்ல பெருசாப் போட்டாங்க. அப்ப வந்த சட்டப்படி 454 பேர ஏத்தலாம், அதுக்கு முன்னாடி அதே கப்பல் 609 பேரக் கூட ஏத்தியிருக்கு. ஒரு ஆம்பளைக்கு ஒதுக்கின இடம் 6 அடி நீளம், 1 அடி 4 அங்குலம் அகலம். ஒரு வேல பண்ணுங்க, வீட்டுத் தரையில சாக்பீஸ்ல அந்த அளவ வரைஞ்சு படுத்துப் பாருங்க. தோள் உள்ள அடங்காது. இத நான் விளையாட்டுக்குச் சொல்லல, வரைபடத்த போன்ல பாக்குறதுக்கும் இதுக்கும் இருக்குற வித்தியாசம் உடம்புக்குத் தெரிஞ்சாத்தான் அடுத்து வர்ற சிற்பங்கள் பிடிபடும்.

அந்த வரைபடம் நல்ல காரியத்துக்காகத்தான் வரைஞ்சாங்க, பிரிட்டன் பார்லிமென்ட் 1807ல வியாபாரத்த தடை பண்ண அதுக்கும் பங்கு உண்டு. ஆனா கவனிங்க, அதுல எல்லாரும் ஒரே மாதிரி, குட்டிக் குட்டிக் கறுப்பு உருவம், ஒருத்தருக்கும் முகம் இல்ல. எதிர்க்க வந்தவங்களும் கப்பல்காரன் கண்ணால மேல இருந்துதான் பாத்தாங்க.

இதுக்குப் பதில்னா எனக்கு உடனே ஞாபகம் வர்றது ரோமுவால்ட் ஹசூமே. பெனின் நாட்டுக்காரர், போர்ட்டோ நோவோல 1962ல பொறந்தவரு. லா பூஷ் து ருவான்னு ஒரு இன்ஸ்டலேஷன், 1997ல ஆரம்பிச்சு 2005 வரைக்கும் பண்ணாரு, பெனின் கரையில அடிமைகள ஏத்தின ஒரு இடத்தோட பேர்தான் அது. 304 பிளாஸ்டிக் பெட்ரோல் கேன்கள வெட்டி முகமூடி ஆக்கி, ப்ரூக்ஸ் வரைபடம் மாதிரியே கப்பல் வடிவத்துல தரையில அடுக்கியிருப்பாரு. கேன் வாய்தான் மனுஷன் வாய், கைப்பிடிதான் மூக்கு. தூரத்துல இருந்து பாத்தா வரைபடம், குனிஞ்சு பாத்தா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. கூடவே குரல்கள் கேக்கும், வாசனை வரும், சோழி, சாராய பாட்டில், கண்ணாடின்னு அந்தக் காலத்து வியாபாரச் சாமான்லாம் கெடக்கும். பக்கத்துல ஒரு வீடியோ ஓடும், நைஜீரியாவுல இருந்து பெனினுக்கு பைக்ல கள்ளப் பெட்ரோல் கடத்துற இன்னைக்கு ஆளுங்க, உடம்பச் சுத்தி கேன் கட்டிக்கிட்டு, ஒரு பொறி பட்டா போச்சு. பிரிட்டிஷ் மியூசியம் 2007ல வாங்கிடுச்சு. இதுக்கு மட்டும் போட்டோ பத்தாது, மேல இருந்து எடுத்த போட்டோ ஒண்ணு, கிட்ட எடுத்த முகமூடி போட்டோ ரெண்டு மூணு, இப்படித் தேடி மாத்தி மாத்திப் பாருங்க, ஏன்னா அந்த வேலையே தூரத்துக்கும் கிட்டத்துக்கும் நடுவுலதான் நடக்குது.

இன்னொருத்தர் அமெரிக்கக் கலைஞர் வில்லி கோல். 1997ல ஸ்டோவேஜ்னு ஒரு மரக்கட்டை அச்சு. இஸ்திரி போடுற பலகைதான் கப்பல், சுத்தி வித விதமான இஸ்திரிப் பெட்டியோட அடிப்பாகம் முகங்களா நிக்கும், ஒவ்வொரு கம்பெனி பெட்டிக்கும் ஓட்டை அமைப்பு வேற வேறங்கிறதால ஒவ்வொண்ணும் ஒரு இனக்குழு மாதிரி. விடுதலைக்கு அப்புறமும் அடுத்தவங்க வீட்டுத் துணிய இஸ்திரி போட்டே வாழ்ந்த பொம்பளைங்க, அடிமைகள் உடம்புல வச்ச சூட்டு முத்திரை, ரெண்டும் ஒரே சாமான்ல வந்து நிக்குது. கறுப்பு வெள்ளை அச்சுங்கிறதால போன்ல பாத்தாலும் பெருசா எதுவும் குறையாது, ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்லது.

துணியக் கவனிங்க, நம்ம கரையும் உள்ள வருது

இந்த மாதிரிப் படங்கள்ல துணி நிறைய வரும். பிரிட்டிஷ் நைஜீரியக் கலைஞர் யின்கா ஷோனிபாரே 2010ல லண்டன் டிரஃபால்கர் ஸ்கொயர்ல ஒரு பெரிய பாட்டிலுக்குள்ள பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனோட கப்பல் மாதிரி ஒண்ண வச்சாரு, பாய் எல்லாம் ஆப்பிரிக்க வாக்ஸ் பிரின்ட் துணி டிசைன், இப்ப கிரீனிச் கடல் மியூசியம் வாசல்ல இருக்கு. அந்த டிசைனே மெழுகு வச்சுச் சாயம் போடுற இந்தோனேசியா பாத்திக் துணிய டச்சுக்காரங்க காப்பி அடிச்சு மேற்கு ஆப்பிரிக்காவுல வித்தது. அதனால ஒரு படத்துல துணி வந்தா இது எங்க நெய்தது, யார் வித்தா, எதுக்குப் பதிலா குடுத்தான்னு கேளுங்க.

ஏன் அழுத்திச் சொல்றேன்னா, ஆப்பிரிக்கக் கரையில ஐரோப்பியர்கள் ஆளுங்கள வாங்கக் குடுத்த சரக்குல இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய பங்கு. சோழமண்டலக் கரையில நெய்த துணி லண்டன், பிரான்ஸ்ல இருக்குற நான்ட் வழியா சுத்தி மேற்கு ஆப்பிரிக்காவோட கினி கரைக்குப் போச்சு, பாண்டிச்சேரி பக்கம் நீலம் போட்ட துணிக்கு செனகல்ல தனி கிராக்கியே இருந்துச்சு. ஹசூமே கப்பல்ல கெடக்குற சோழி இருக்கே, அது மாலத்தீவுல இருந்து போனது. இது போக டச்சுக் கம்பெனி பழவேற்காடு, நாகப்பட்டினம் பக்கத்துல பஞ்ச காலத்துல ஆளுங்களையே வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இப்ப ஜகார்த்தா) கப்பல் ஏத்தியிருக்கு. பிரிட்டிஷ் காலனிகள்ல அடிமை முறை முடிஞ்ச பின்னாடி கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு ஒப்பந்தக் கூலிகள ஏத்தினாங்க, மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர்ல டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. அதுக்காக ரெண்டும் ஒண்ணுதான்னு கமென்ட் போடாதீங்க ப்ளீஸ், ஒப்பந்தக் கூலிக்கு எவ்வளவு கொடுமை நடந்திருந்தாலும் அவன் புள்ளையும் பேரனும் பொறக்குறப்பவே இன்னொருத்தன் சொத்துன்னு சட்டம் சொல்லல. தொடர்பு இருக்கு, ஒண்ணு இல்ல.

துணியில இருந்து நேரா லுபைனா ஹிமிட்கிட்ட போகலாம். கிழக்கு ஆப்பிரிக்கத் தீவு சான்சிபார்ல 1954ல பொறந்தாங்க, பிரிட்டன்ல வளர்ந்தாங்க, நாடக மேடை டிசைன் படிச்சாங்க, 2017ல பிரிட்டனோட பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு வாங்கின முதல் கறுப்பினப் பெண். என்னக் கேட்டா இந்த லிஸ்ட்ல ஒருத்தர மட்டும் பாக்க நேரம் இருக்குன்னா இவங்களப் பாருங்க. 2004ல நேமிங் த மணின்னு ஒண்ணு பண்ணாங்க, ஆள் உயரத்துக்கு வெட்டின 100 மர உருவங்கள், ஐரோப்பிய அரண்மனைகள்ல வேல பாத்த ஆப்பிரிக்கர்கள், மேளம் அடிக்கிறவங்க, நாய் பழக்குறவங்க, மூலிகை தெரிஞ்சவங்க, வரைபடம் போடுறவங்க, செருப்பு தைக்கிறவங்க. முன்னாடி பாத்தா கலர் கலரா திருவிழா. பின்னாடி சுத்திப் போங்க, ஒவ்வொருத்தர் முதுகுலயும் கணக்குக் காகிதம் ஒட்டி அதுல அவங்க சொந்தப் பேர், எஜமான் வச்ச பேர், முன்னாடி என்ன தொழில், இப்ப என்ன தொழில், கடைசியா ஏதோ ஒண்ணு மனசத் தேத்திக்க, இப்படி அஞ்சு வரி எழுதியிருப்பாங்க. கணக்கு நோட்டுலயே பேர எழுதுறது. நான் முதல்ல காகிதத்தப் பாருங்கன்னு சொன்னது இதுக்காகத்தான்.

அவங்களோட லெ ரோடர் ஓவியங்களும் பாருங்க, 2016ல இருந்து வரைஞ்சது. லெ ரோடர்ங்கிறது 1819ல போன பிரெஞ்சுக் கப்பல், உள்ள கண் நோய் பரவி நிறைய பேருக்குப் பார்வை போயிடுச்சு, பார்வை போன அடிமைகள விக்க முடியாதுன்னு கடல்ல வீசிட்டாங்க. இந்தக் கதையத் தெரிஞ்சுக்கிட்டு படத்தப் பாத்தா ஏமாந்து போவீங்க, ஏன்னா அதுல வன்முறையே இல்ல. நல்லா உடுத்தின கறுப்பு ஆளுங்க ஒரு ரூம்ல நிப்பாங்க, ஜன்னல்ல கடல் தெரியும், ஒருத்தர ஒருத்தர் சரியா பாத்துக்க மாட்டாங்க, தரை சாயுதா நேரா இருக்கான்னு சந்தேகமா இருக்கும். இங்க ஜூம் பண்ணாதீங்க. டர்னர்ல ஜூம் பண்ணித் தேடினோம்ல, இங்க அதுக்கு நேர் எதிர்: ஒவ்வொரு ஆளும் எங்க பாக்குறாங்கன்னு கோடு போட்டுக்கிட்டே வாங்க. எல்லாக் கோடும் ஒண்ண ஒண்ணு தொடாமலே போகும். அந்த ரூம்ல யாருக்குப் பார்வை இருக்கு யாருக்கு இல்லன்னு நமக்குத் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது.

பெரிய சைஸ் வேலைகள், வீடியோக்கள்

அமெரிக்கக் கலைஞர் காரா வாக்கரோட ஃபான்ஸ் அமெரிக்கானஸ், 2019 அக்டோபர்ல லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்தோட டர்பைன் ஹால்ல வச்சது, சுமார் 13 மீட்டர் உயர ஃபவுன்டன். பக்கிங்ஹாம் அரண்மனை முன்னாடி இருக்குற விக்டோரியா மெமோரியல கிண்டல் பண்ணின வடிவம். உச்சியில நிக்குற பொண்ணோட மார்புல இருந்தும் கழுத்துல இருந்தும் தண்ணி பீச்சும், கீழ தொட்டியில சுறா. காட்சி முடிஞ்சதும் பிரிச்சுட்டாங்க, இப்ப போட்டோவும் வீடியோவும்தான். கண்டிப்பா சத்தத்தோட ஒரு வீடியோ பாருங்க, தண்ணிச் சத்தம் இல்லாம அது பாதிதான். டேட்ங்கிற பேரே சர்க்கரை வியாபாரி ஹென்றி டேட் பேர்தான், அவர் தொழில் ஆரம்பிச்சது பிரிட்டன்ல அடிமை முறை ஒழிஞ்ச பிறகு, ஆனா அந்த சர்க்கரைத் தொழில் எதுமேல எழும்புச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், வாக்கருக்கும் தெரியும்.

அந்த சுறா சும்மா வரல. வின்ஸ்லோ ஹோமர் 1899ல வரைஞ்ச கல்ஃப் ஸ்ட்ரீம், நியூயார்க் மெட் மியூசியத்துல இருக்கு, ஹை ரெசல்யூஷன்ல ஃப்ரீயா டவுன்லோட் பண்ணலாம். பாய்மரம் ஒடிஞ்ச படகுல ஒரு கறுப்பு மனுஷன் தனியா, சுத்தி சுறா, தூரத்துல ஒரு கப்பல். படகு மேல தளத்துல என்ன கெடக்குதுன்னு பாருங்க, கரும்பு. கரும்பப் பாத்துட்டா இது சும்மா புயல்ல மாட்டின கதை இல்லன்னு தெரிஞ்சிடும். இதே பேர்ல கெரி ஜேம்ஸ் மார்ஷல் 2003ல ஒரு படம் வரைஞ்சாரு, மினியாபொலிஸ் வாக்கர் ஆர்ட் சென்டர்ல இருக்கு, அதுல கறுப்புக் குடும்பம் ஜாலியா பாய்மரப் படகுல போறாங்க. ரெண்டையும் போன்ல பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க. கடல்ல கறுப்பு ஆளு இருந்தா செத்துத்தான் ஆகணுமான்னு மார்ஷல் கேக்குறாரு, நியாயமான கேள்வி.

பிரிட்டிஷ் கலைஞர் ஜான் அகோம்ஃப்ராவோட வெர்ட்டிகோ சீங்கிற வீடியோ, 2015 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில வந்தது, மூணு ஸ்க்ரீன், 48 நிமிஷம். திமிங்கல வேட்டை, அடிமைக் கப்பல், இப்ப மத்தியதரைக் கடல் தாண்டுற அகதிகள், அர்ஜென்டினா ராணுவ ஆட்சியில ஆளுங்கள பிளேன்ல இருந்து கடல்ல தள்ளினது, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதும், நடுநடுவுல பழைய காலத்து உடையில எக்குவியானோ கரையில நிப்பாரு. மியூசியத்துல மாட்டினா மூணு ஸ்க்ரீனையும் பாக்கணும்னு தலைய ஆட்டிக்கிட்டே இருக்காதீங்க, ஒரு ஸ்க்ரீனப் பிடிச்சுக்குங்க, மத்த ரெண்டு ஓரக்கண்ணுல வரட்டும். பாதியில எந்திரிச்சுப் போறவங்கதான் அதிகம், அவங்களுக்கு இது அழகான இயற்கை டாக்குமென்டரின்னு தோணும், முழுசா உக்காந்தவங்களுக்கு அப்படித் தோணாது. விலங்குகள கொல்ற காட்சி நெறய இருக்கு, சின்னப் புள்ளைங்கள கூட்டிட்டுப் போகாதீங்க.

கடலுக்கு அடியில போறவங்களும் இருக்காங்க. 1990கள்ல டெட்ராய்ட்ல டிரெக்சியான்னு ஒரு டெக்னோ இசை ஜோடி ஒரு கற்பனை விட்டாங்க: கப்பல்ல இருந்து தள்ளப்பட்ட கர்ப்பிணிகளோட வயித்துல இருந்த குழந்தைங்க தண்ணிக்குள்ள மூச்சு விடக் கத்துக்கிட்டு அங்கயே ஒரு நாடு கட்டி வாழுறாங்கன்னு. அத எடுத்துக்கிட்டு அமெரிக்கக் கலைஞர் எலன் கேலகர் 2001ல இருந்து வாட்டரி எக்ஸ்டாட்டிக்னு ஒரு வரிசை பண்ணிட்டு இருக்காங்க, கெட்டிப் பேப்பர்ல கத்தியால கீறி, திமிங்கல வேட்டைக்காரங்க எலும்புல செதுக்குவாங்களே அந்த மாதிரி. கடல் ஜந்துக்களுக்கு நடுவுல முகங்கள் ஒளிஞ்சிருக்கும். வெள்ளைப் பேப்பர்ல வெள்ளையாவே கீறியிருக்குறதால போன்ல பிரைட்னஸ் முழுசா வச்சாலும் பாதி தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்துல எடுத்த குளோசப் போட்டோ கிடைச்சா அதப் பாருங்க. அந்த 18 லட்சத்துக்கு ஒரு ஊர் கட்டிக் குடுத்த மாதிரி. கணக்க யாரும் மாத்த முடியாது, ஆனா கணக்கு முடிஞ்ச இடத்துல இவங்க ஆரம்பிக்கிறாங்க.

ஃபார்வர்ட நம்புறதுக்கு முன்னாடி

கரீபியன்ல கிரெனடா தீவுக்குப் பக்கத்துல கடலுக்கு அடியில குழந்தைங்க கைகோத்து வட்டமா நிக்குற சிற்பம் ஒண்ணு வாட்ஸ்அப்ல சுத்தும், அடிமைகளா வீசப்பட்டவங்களுக்கு நினைவுச் சின்னம்னு போட்டு. ஜேசன் டிகெய்ரஸ் டெய்லர் 2006ல வச்சது, உள்ளூர்ப் பசங்கள அச்செடுத்துப் பண்ணது, அடிமை வியாபாரத்த நெனச்சு அத பண்ணலன்னு அவரே சொல்லிட்டாரு. அப்படிப் பாக்குறவங்களுக்கு அது அர்த்தப்படுது, தப்பு இல்ல, ஆனா நினைவுச் சின்னம்னு எழுதி ஷேர் பண்றது தப்பு.

நெசமான நினைவுச் சின்னம் வேணும்னா மார்டினிக் தீவுல ஆன்ஸ் காஃபார் கரைக்குப் போங்க, மேப்ல வேணா போங்க. லொரான் வலேர் செஞ்ச 15 வெள்ளைச் சிலைகள், தலை குனிஞ்சு முக்கோணமா நிக்கும், 1998ல வச்சது, பிரெஞ்சு அடிமை ஒழிப்போட 150வது வருஷம். 1830 ஏப்ரல்ல அங்க ஒரு அடிமைக் கப்பல் உடைஞ்சுச்சு, அப்பவே அந்த வியாபாரம் சட்டப்படி தடை. பேரு காப் 110, ஏன்னா சிலைகள் எல்லாம் 110 டிகிரி திசையில, கினி வளைகுடாவப் பாத்து நிக்குது. போன்ல காம்பஸ் ஆப்ப தொறந்து 110 வச்சுப் பாத்தா எந்தப் பக்கம்னு தெரியும். வெள்ளை அங்க துக்கத்துக்கான நிறம்.

வாஷிங்டன் போற வாய்ப்பு இருந்தா ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மியூசியத்துல கீழ்த்தளத்துல வச்சிருந்த கொஞ்சம் இரும்புக் கட்டிய, இன்னும் இருக்கான்னு அவங்க சைட்ல பாத்துட்டுத் தேடுங்க. 1794ல கேப் டவுன் பக்கத்துல முழுகின சாவோ ஜோசேங்கிற போர்ச்சுகீஸ் கப்பல்ல இருந்து எடுத்தது. மொசாம்பிக்ல இருந்து 500 பேருக்கு மேல ஏத்திட்டு வந்துச்சு, 200 பேருக்கு மேல செத்தாங்க, பிழைச்சவங்கள சில நாள்லயே திரும்பவும் வித்துட்டாங்க. மத்த சரக்கவிட மனுஷங்க எடை கம்மி, கப்பல் ஆடும், அத ஈடுகட்டப் போட்ட இரும்பு அது. கலைப்பொருளே இல்ல, ஆனா மேல சொன்ன எல்லாத்தையும் பாத்துட்டுப் போனா அந்தக் கட்டி முன்னாடிதான் அதிக நேரம் நிப்பீங்க.

ஃப்ரெண்ட்ஸோட சேந்து பாக்கணும்னா ஒரு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் போதும். முதல்ல ஸ்லேவ் வாயேஜஸ்ல சோங் பதிவு, அப்புறம் டர்னர், பெர்ரி, ப்ரூக்ஸ், ஹசூமே, ஒரு டீ பிரேக், அப்புறம் ஹிமிட், கேலகர். டிவியில போன கனெக்ட் பண்ணி ஓட்டுங்க, ஒவ்வொரு படத்துக்கும் யாரும் எதுவும் பேசாம ரெண்டு நிமிஷம் பாக்கணும்னு ரூல் வச்சுக்குங்க, இல்லன்னா ஒருத்தரே விக்கிப்பீடியா படிச்சுக் காட்டிட்டு இருப்பாரு. அகோம்ஃப்ராவ அதே நாள்ல சேக்காதீங்க, தாங்காது, இன்னொரு நாள் தனியா வைங்க.